சேசிஸ் இல்லாத பியட்

என் புருஷன் தனபால் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர். கௌரவமான தொழில்தான், லாரியோடு நிறுத்திக்கொண்டிருந்தால்.

என்னிடம் ஒரு பழைய பியட் இருந்தது. இத்தாலிக்காரன் குடும்பம் குட்டியோடு போய்வரச் செய்த சாதாரணக் கார். ராசிபுரத்தில் இருக்கும் என் நெய்க்கடைக்கு டின்களை அதில்தான் ஏற்றிப் போவேன். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அந்த நிம்மதி எனக்குப் பெரிது.

மகள் கனிஷ்காவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் பங்காளி ஒருவன் தன் கல்யாணத்தில் வாடகைக்கு எடுத்த திறந்த காரில் ஊர்வலம் வந்தானாம். தனபாலுக்கு அது பொறுக்கவில்லை.

"நம்ம மாப்பிள்ளை என்ன எளச்சவரா? உம்பட வண்டியக் குடு சுகன்யா. உலகத்துலயே ஒன்னே ஒன்னா ஒரு காரு பண்றேன். கல்யாணம் முடிஞ்சதும் கூரைய ஒட்டிப் பழையபடி தந்தர்றேன்."

கொடுத்துத் தொலைத்தேன்.

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். இவர்களிடம் லாரி வெறும் சேசிஸாக, எஞ்சினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டமாக, வரும். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் உட்கார்ந்து ஓட்டி வருவார். அதன்மேல் இவர்கள் பாடியைக் கட்டுவார்கள். பியட்டும் அப்படித்தான் என்று எண்ணிக் கூரை, தூண், பக்கத் தகடு எல்லாவற்றையும் அறுத்துவிட்டார்கள். வண்டி நடுவில் தூளி மாதிரி தொங்கிவிட்டது.

மேஸ்திரி செங்கோடன் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டான். "இதுல சேசிஸே இல்லீங்கக்கா. பாடிதான் மொத்தத்தையும் தாங்குது. ஏமாத்திப்போட்டானுங்க."

"அறுக்கறதுக்கு முன்னால குனிஞ்சு பார்க்க மாட்டயா?"

"லாரிக்கு யாருங்கக்கா குனிஞ்சு பார்ப்பாங்க?"

தொங்கியதைத் தூக்கி நிறுத்த, அடியில் லாரிக்குப் போடும் இரும்புச் சேனலை வைத்துப் பற்றவைத்தார்கள். மேலே பலகை. பலகைக்கு மேல் சிம்மாசனம். இரண்டு பக்கமும் எவர்சில்வர் மயில். முகம் மட்டும் என் பியட்டுடையது. பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதி, அதற்குக் கீழே 'கனிஷ்கா' என்று எழுதியிருந்தார்கள். லாரிக்கு மகள் பேர் எழுதுவது இங்கே வழக்கம்தான். அதற்காகக் கல்யாணப் பெண்ணின் பேரையா புகைக்குழாய்க்கு மேலே எழுதுவது? சீ என்றாகிவிட்டது.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் தனபால் வேர்த்து விறுவிறுத்து வந்தார். ஸ்டியரிங்கோடு இருக்கும் கியர் அங்கே யாருக்கும் விழவில்லையாம். மாமியார் நானே ஓட்ட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாகச் சிம்மாசனத்தில் இருந்தார். கிளட்ச்சை மெல்ல விட்டேன். அவ்வளவு கனத்தை இழுக்க மாட்டாமல் வண்டி முக்கி முனகியது. கிளட்ச் கருகி நாறியது. எஞ்சின் நின்றே போய்விட்டது.

"தள்ளுங்கடா!" என்று கத்தினார் தனபால். பட்டறை ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். மாப்பிள்ளை வீட்டார் செல்போனில் படம் பிடித்தார்கள். அத்தனை படத்திலும் என் மகள் பேர் விழுந்தது.

மண்டப வாசலில் நின்ற கனிஷ்கா ஓடி வந்தாள். அழவில்லை. "அம்மா, எம் பேர அழிச்சிருங்க."

பெயிண்ட் முழுசாகக் காயவில்லை. பட்டுச்சேலை முந்தானையாலேயே தேய்த்தேன். "மானத்த வாங்காத புள்ள!" என்று தனபால் பல்லைக் கடித்தார். கடைசி எழுத்து போகும் வரைக்கும் நான் நிமிரவில்லை.

கல்யாணம் முடிந்து கூரையைக் கேட்டேன். பழைய இரும்புக்கடைக்குப் போய் ரொம்ப நாளாயிற்றாம்.

அடுத்த சந்தை நாளில் நெய் டின்களோடு ராசிபுரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். தனபால் பைக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"படத்தப் பார்த்துட்டுத் திருச்செங்கோட்டுல ஒருத்தர் இதே மாதிரி கேக்கறாரு. உங்க அண்ணன் ஊட்டுல ஒரு பியட் நிக்குதில்ல?"

காறித் துப்பினேன். பஸ் வந்தது. டின்களை நானே தூக்கிக்கொண்டு ஏறினேன்.