ஐம்பத்து மூன்று சுற்று

அகத்தாவுக்கு ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று ஆசை. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். மெர்கோங் ஊரில் அவளுடைய அண்ணன் வீட்டில் ஏழு வருஷம் இருந்து பார்த்திருந்தால் சிரிப்பு வராது.

கைதியாக அல்ல, பெண் வார்டராக. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். 1983 ஜனவரியில் சிறை இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. ஜூன் மாதம் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, ஓட்டப் பரீட்சை. இரண்டாயிரத்து நானூறு மீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எண்பத்தொரு கிலோ அகத்தா அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்து அதை உறுதி செய்துகொண்டாள். வேலை கிடைத்தால் யூனிஃபார்ம், தங்குவதற்குக் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் என்றால் தனக்கென்று ஒரு கதவு, அந்தக் கதவுக்கு ஒரு சாவி. இருபத்தெட்டு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். ஆகஸ்டில் அவளுக்கு இருபத்தெட்டு முடிகிறது.

மெர்போக் எஸ்டேட்டிலிருந்து அவள் இங்கே வந்தது நாற்பது நாளுக்குத்தான். அண்ணி ஜேனுக்குத் தலைப்பிரசவம். அடுத்து இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, நான்காவதும் வந்தது. இதற்கிடையில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். "அகத்தா இருக்கா, பாத்துக்குவா" என்பது அந்த வீட்டின் தேசிய கீதமாகிவிட்டது. நான்கு பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பதையெல்லாம் வீணாக்கக் கூடாதென்று தின்று தின்றே அவள் எண்பத்தொன்றைத் தொட்டாள். பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகளும் அவள் சுட்ட கரிபாப் பலகாரத்தைத் தின்றுவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். கரிபாப் நன்றாக இருந்ததென்றாவது ஒரு கடிதம் போட்டிருக்கலாம், பாவிகள்.

அண்ணன் பெர்னார்ட் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். கடிதத்தைப் படித்துவிட்டு மீசையைத் தடவினார்.

"நீ ஓடுவியா? பஸ்ஸு போயிருமேன்னுகூட நீ ஓடுனதில்லயேம்மா."

"ஓடுவேண்ணே. இன்னும் அஞ்சு மாசம் இருக்கு."

"எங்க ஓடுவ? ஜாலான்ல, ரோட்டு மேல ஓடுனா ஊரே கூடி வேடிக்க பாக்கும்லா. எனக்கு ஆபீஸ்ல தல காட்ட முடியாது." கொஞ்சம் யோசித்தார். "சரி. கேட்டுக்கு உள்ளாற ஓடு. பரீட்சைக்கு முன்னால எனக்கு ஓடிக் காட்டு. பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சின்னா நானே காடிய ஓட்டிக்கிட்டுக் கொண்டு போய் விடுறேன். முடியலன்னா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

மேசை மேலிருந்த மாதா சுரூபத்தைத் தொட்டு அவள் சத்தியம் செய்தாள். எஸ்டேட் கோயிலில் வளர்ந்தவள். மாதா மேல் செய்த சத்தியத்தை மீறினால் கால் விளங்காது என்று நம்புகிறவள்.

வீட்டைச் சுற்றி ஓடுவதென்றால் சுவருக்கும் கம்பி வேலிக்கும் நடுவில் நாலடிச் சந்து. ஒரு மூலையில் சாக்கடையைத் தாண்ட வேண்டும், மறு மூலையில் துணிக்கொடிக்குக் குனிய வேண்டும். அண்ணியின் தையல் டேப்பால் ஒரு சுற்றை அளந்தாள். நாற்பத்தைந்து மீட்டரும் ஒரு சாணும். பரீட்சைத் தூரத்துக்கு எத்தனை சுற்று என்று வகுத்துப் பார்த்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஐம்பத்து மூன்று!

ஜெபமாலையை அவர்கள் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் என்றுதான் சொல்வார்கள். மூன்று வயதிலிருந்து அப்படித்தான் கேட்டிருக்கிறாள். மாதாவே அளந்து கட்டிய வீடு இது என்று நினைத்துக்கொண்டாள். எத்தனையாவது சுற்று என்று மனதில் எண்ணிக்கொண்டு மூச்சைத் தொலைக்க வேண்டாம். ஒரு சுற்றுக்கு ஒரு மணி நகர்த்தினால் போதும். சிலுவையிலிருந்து தொடங்கி மாலை முழுதும் ஒரு முறை வந்தால் பரீட்சைத் தூரம் முடிந்தது.

"ஜெபமாலைய வச்சிக்கிட்டு ஓடுறது பாவமில்லயா?" என்று அண்ணி கேட்டாள்.

"நான் மாதாவ கூப்பிட்டுக்கிட்டேதான் ஓடுறேன் அண்ணி" என்றாள் அகத்தா. அது பொய்யில்லை. முதல் நாள் மூன்றாவது மணியிலேயே விலாவில் குத்தி, தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு மாதாவே மாதாவே என்று முனகினாள்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் கடைக்குட்டியைத் தொட்டிலில் போட்டுவிட்டு, அண்ணனின் பழைய டிராக்சூட்டை மாட்டிக்கொண்டு இறங்குவாள். முதல் மாதம் மாலையில் ஒரு மணிக்கு ஓட்டம், அடுத்த மணிக்கு நடை. தொடை உரசிப் புண்ணாகி, தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு ஓடினாள். அடுத்த மாதம் சின்ன மணி பத்துக்கும் ஓட்டம், நடுவில் வரும் பெரிய மணிக்கு மட்டும் நடை. ஏப்ரலில் பெரிய மணிக்கும் ஓடினாள். அன்று பத்தொன்பது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகு ஒரு பத்து மணி வேகமாகவும் ஒரு பத்து மணி மெதுவாகவும் மாற்றி மாற்றி ஓடிப் பழகினாள். பதினெட்டு, பதினேழு. எடை எழுபத்திரண்டுக்கு இறங்கியது. பிள்ளைகளின் மிச்சத்தைக் கோழிக்குப் போட்டாள். கோழிகள் கொழுத்தன.

ஜூனில் பதினாறே கால் நிமிடத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. மூச்சு இருந்தது, கால் இருந்தது, ஆனால் கடைசி மணிகள் முடியவே மாட்டேன் என்றன. வேலிக் கம்பிக்கு வெளியே மீன்காரர் சைக்கிளில் கோலா கெடா கடற்கரை மீனைக் கூவிக்கொண்டு நேராகப் போவார். அந்த நேர்ரோட்டைப் பார்க்கும்போது அகத்தாவுக்கு அழுகை வரும். ஒரே ஒரு நாள் மூலை திரும்பாமல் ஓடினால் போதும் என்றிருக்கும். கேட்டுக்கு வெளியே கால் வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை காலை, பெர்னார்ட் முன்வாசலில் நாற்காலி போட்டுக் கைக்கடிகாரத்துடன் உட்கார்ந்தார். அகத்தா சிலுவையை முத்தமிட்டுவிட்டு ஓடினாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஓடியதில்லை. கடைசி மணியை நகர்த்திவிட்டு அவர் காலடியில் வந்து விழுந்தாள்.

அவர் கடிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருக்கே வருத்தமாக இருந்தது.

"பதினாறு நிமிஷம் பத்து செகண்டும்மா. அம்பத்தி மூணு மணியும் ஓடிட்டியே, அதுவே பெருசு. போதும், விட்டுரு."

கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தார். திங்கட்கிழமை வந்தது. அகத்தா துணி துவைத்தாள், மீன் குழம்பு வைத்தாள், கடைக்குட்டிக்குச் சோறு ஊட்டினாள். எங்கோ ஒரு திடலில் மற்ற பெண்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு சிவபாக்கியம் வேலியோரம் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"என்ன பிள்ளை, ரெண்டு மூண்டு நாளா சுத்தேல்லை? நேர்த்திக்கடன் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிருச்சு ஆன்ட்டி."

"எனக்கொரு சந்தேகம். நாங்கள் கோயிலிலை அம்பத்துநாலு சுத்துவம், நூற்றெட்டுச் சுத்துவம். உங்கட வேதத்திலை அம்பத்தொன்பது எண்டு ஒரு கணக்கு இருக்கோ?"

"அம்பத்தி மூணு ஆன்ட்டி."

"இல்லைப் பிள்ளை. நான் குசினியிலை காய் வெட்டிக்கொண்டு யன்னலாலை எண்ணினனான். ஒரு நாளில்லை, எத்தினையோ நாள். அம்பத்தொன்பதுதான்."

அகத்தா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலையை எடுத்தாள். துணிக்கொடியின் கீழே நின்றபடியே எண்ணினாள். அருள் நிறைந்த மந்திரத்துக்குச் சின்ன மணி ஐம்பத்து மூன்று. அதைத்தான் ஊர் சொல்கிறது. பரலோக மந்திரத்துக்குப் பெரிய மணி ஆறு. அதை யாரும் கணக்கில் சொல்வதில்லை. முதலில் நடந்து, பிறகு ஓடிய அதே பெரிய மணிகள். ஐந்து மாதமாகத் தினமும் ஆறு சுற்று அதிகமாக ஓடியிருக்கிறாள்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். பதினாறு நிமிடம் பத்து வினாடியில் ஐம்பத்தொன்பது சுற்று. அப்படியானால் ஐம்பத்து மூன்றுக்குப் பதினான்கு நிமிடம் முப்பத்தொரு வினாடி. இன்னொரு தடவை போட்டாள். அதேதான் வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பிள்ளை விழித்துவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு வழக்கம்போல எல்லாரும் மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டார்கள். அன்று ஜெபம் நடத்தும் முறை அகத்தாவுடையது. அவள் தன் மாலையை அண்ணனிடம் நீட்டினாள்.

"மொதல்ல எண்ணுங்கண்ணே. எல்லா மணியும்."

பெர்னார்ட் புரியாமல் எண்ணத் தொடங்கினார். ஐம்பத்து மூன்றைத் தாண்டியதும் அவர் விரல் நின்றது. பிறகு மெதுவாக மீதியையும் எண்ணி முடித்தார். காது மடல் சிவந்தது. தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மாலையைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாம ரெண்டு பேருமே கவனிக்கலயேம்மா... பரீட்சதான் முடிஞ்சிருச்சே, இனி என்னா செய்யிறது? சரி, ஆரம்பி."

அகத்தா சிலுவை அடையாளம் போட்டாள். விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னாள். விரல் முதல் பெரிய மணிக்கு வந்தது. பரலோக மந்திரத்தில், நமக்குக் குற்றம் செய்தவர்களை நாம் மன்னிப்பது பற்றி ஒரு வரி உண்டு. பேசத் தெரிந்த நாளிலிருந்து தடங்கலில்லாமல் சொன்ன வரி. அந்த இடத்தில் அவளுக்கு வாய் நின்றுவிட்டது.

பிள்ளைகள் கண்ணைத் திறந்து பார்த்தார்கள். ஜேன் தொண்டையைக் கனைத்தாள்.

"சொல்லும்மா" என்றார் பெர்னார்ட், தலையைத் தூக்காமல்.

"ஆறு சுத்துண்ணே" என்றாள் அகத்தா.