மூன்றாவது சிலிண்டர்

"வண்டி மறுபடியும் இருமுதுடா," என்றார் அண்ணன் போனில்.

தம்பி தன் பட்டறையில் வேறொரு லாரியின் அடியில் கிடந்தான். கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"இன்ஜெக்டர் மாத்தி நாலு நாள்கூட ஆகல. டீசல் எங்க போட்ட?"

"எப்பவும் போடுற இடந்தான். நான்தான் சொன்னேனே, கேபினை இறக்கினாத்தான் இருமுது. தூக்கி வச்சா நல்லா ஓடுது."

"அண்ணா, தலைக்கு மேல கேபின் இருக்கா இல்லையான்னு இஞ்சினுக்குத் தெரியுமா?"

"உனக்கே தெரியல, அதுக்கு எப்படித் தெரியும்?" அண்ணன் சிரித்தார். "சரி, முன்னால ஏத்தம் வருது. தாண்டிட்டுக் கூப்பிடுறேன். சாப்பிட்டியா?"

"இனிமேத்தான்."

ஒரு மணி நேரத்தில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் வேறு ஆள். அந்த வழியாக வந்த இன்னொரு லாரியின் டிரைவர். ஏற்றத்தின் பாதியில் வண்டி ஓரங்கட்டி நிற்கிறது, இஞ்சினைப் பார்க்கக் கேபினை அரைவாசி தூக்கியிருக்கிறது, அதைத் தூக்கும் கைப்பம்புக்குப் பக்கத்திலேயே ஆள் விழுந்து கிடக்கிறார் என்று சொன்னார்.

இருதயம் என்றார் டாக்டர். அடைப்பு பல மாதமாகவே இருந்திருக்க வேண்டுமாம்.

மறுநாள் காலை அண்ணனை நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். அந்த டிரைவரே கேபினை இறக்கி லாரியை ஓட்டிவந்து வாசலில் விட்டுப் போயிருந்தார். அது தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணனை மயானத்துக்கு எடுத்துப் போகும் வண்டி உள்ளே வர வழியில்லை.

"யாராவது அதைக் கொஞ்சம் தள்ளி விடுங்கப்பா," என்றார் அண்ணியின் பெரியப்பா.

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் இருமியது. மூன்று சீரான அடி, ஒரு தடுக்கல். வண்டியே குலுங்கியது. பெரியப்பா நாற்காலியிலிருந்து குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "மெக்கானிக் வீட்டு வண்டி. கேட்டுக்குங்க."

தம்பி இஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப்போய்க் கைப்பம்பை அடித்தான். கனமான பம்பு; பத்துப் பன்னிரண்டு அடிக்குள் அவனுக்கே மூச்சு வாங்கியது. கேபின் ஒரு முழம் எழும்பியதும் இருமல் நின்றது. இறக்கினான். இருமியது. மறுபடி தூக்கினான். நின்றது.

பட்டறையில் அவன் எப்போதும் கேபினைத் தூக்கி வைத்துத்தான் காது கொடுப்பான். கம்ப்யூட்டர் மூன்றாவது சிலிண்டரில் கோளாறு என்று காட்டியது, அதற்கு டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரை மாற்றினான், தூக்கிய நிலையிலேயே கேட்டான், நன்றாக ஓடியது. யார் வண்டியாக இருந்தாலும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டான். இதை மட்டும் பார்க்கவில்லை. ஓட்டப்போவது அண்ணன்தானே என்று விட்டுவிட்டான்.

இஞ்சினை நிறுத்திவிட்டு விரல்களால் தடவித் தேடினான். மூன்றாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர், கேபின் வந்து உட்காரும் இடத்தில் நசுங்கி, மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. கேபின் இறங்கும்போதெல்லாம் அது இரும்பைத் தொட்டிருக்கிறது. டேப் சுற்றி, ஒயரை ஒதுக்கிக் கட்டினான். ஐந்து நிமிஷ வேலை. கேபினை இறக்கிச் சாவியைத் திருப்பினான். இஞ்சின் ஒரே சீராக ஓடியது.

ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது அண்ணி வாசற்படியில் நின்றிருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"சத்தம் நின்னுடுச்சே," என்றாள்.

"ஆமா அண்ணி."

"என்னவாம்?"

டீசல் என்று சொல்லியிருக்கலாம். இன்ஜெக்டரிலேயே கோளாறு என்று சொன்னாலும் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ஒயரு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். இன்ஜெக்டர் நல்லாத்தான் இருந்திருக்கு."

அண்ணி லாரியைப் பார்த்தாள்.

"இது முன்னாடியே சரியாகியிருந்தா அவரு பம்பு அடிக்க அங்க இறங்கியிருக்க மாட்டாரு. இல்ல?"

"இறங்கியிருக்க மாட்டாரு."

"டாக்டரு எப்படியும் ஆகியிருக்கும்னாரு."

"எனக்குத் தெரியல அண்ணி."

உள்ளே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"வேற பட்டறையில காட்டுங்கன்னு நான்கூடச் சொன்னேன். தம்பி கோச்சுக்குவான்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கேபினைப் பத்தி அவரு சொன்னதுதான் சரி?"

"அவரு சொன்னதுதான் சரி."

"இதை எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அவருகிட்டப் போய்ச் சொல்லு. இன்னும் உள்ளதான இருக்காரு."

தம்பி கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனான். உட்கார்ந்திருந்த பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அண்ணனின் தலைமாட்டில் மண்டியிட்டுக் காதருகே குனிந்தான். என்ன சொன்னான் என்பது யாருக்கும் கேட்கவில்லை. எழுந்திருக்கத்தான் கொஞ்சம் நேரம் பிடித்தது; பெரியப்பா வந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

"வா. வண்டி தெருமுனையில வந்து நிக்குது," என்றார், இந்த முறை மெதுவாக.

தம்பி லாரியில் ஏறி உட்கார்ந்தான். அண்ணன் அவனைவிட ஒரு ஜாண் உயரம். பக்கக் கண்ணாடி அந்த உயரத்துக்குத்தான் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் அதில் தெரு தெரியவில்லை, லாரியின் மேல்விளிம்பும் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தன. அதைத் திருப்பக் கையை நீட்டினான். பிறகு கையை இழுத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் திரும்பிப் பார்த்தபடியே, லாரியைப் பின்னால் எடுத்தான்.