கட்டிலடி ராணி

...இல்லை, லிஃப்ட் இந்தத் தளத்தில் நிற்கவில்லை, மேலே போய்விட்டது, நான் ஏன் ஒவ்வொரு தடவையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிரே லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கிறது, யாரோ அகல்யா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது, கூப்பிடட்டும்... கட்டிலுக்கடியில் ராணியும் காதை விறைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். ராணியாம்! நாயை மீட்டுக் கொண்டுவந்து தந்த ஜமீலா வைத்த பெயர். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள், சோற்றை வைத்துவிட்டு நான் அறையை விட்டு வெளியே போகவேண்டும், அப்போதுதான் மகாராணி வாய் வைப்பாள். திருமழிசைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில், குட்டி போட வைத்து விற்பதற்கென்றே அடைத்திருந்த லாப்ரடார், ஒரு காது கிழிந்தது, கூண்டை விட்டு இறங்கியதே இல்லையாம், டைல்ஸ் தரையில் கால் வைக்கவே நடுங்குகிறாள். வந்ததிலிருந்து ஒருமுறைகூடத் தானாக என் பக்கம் வந்ததில்லை. பரவாயில்லை, மெதுவாக வா, கட்டின கிஷோரை விட்டுவிட்டு இந்த வானகரம் வீட்டுக்குத் தனியாக வந்த புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன், குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப்போடும்.

ஜமீலா அன்றைக்கே சொன்னாளே, "அக்கா, இவ இங்க கீறது வெளியே தெரியவே கூடாது. இன்னும் ரெண்டு ஈத்து குட்டி எடுக்கலாம்னு அந்தாளு தேடிகினு கீறான்" என்று. நான் என்ன செய்தேன்? மழைக்காலம், தரை சில்லிடுமே என்று, அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவில் ராணியின் படத்தைப் போட்டு, பழைய போர்வை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டேன், போர்வையும் வந்தது, ஐயோ பாவமும் வந்தது, படம் யார் யார் கைக்குப் போனதோ... நுணலும் தன் வாயால் கெடும். காலையில் வாட்ச்மேன் வேம்புலி இன்டர்காமில், "மேடம், ஒர்த்தர் வந்து கேட்டுகினு போனாரு, கிழிஞ்ச காது நாய் எந்த ஊட்டுல கீதுன்னு. நான் ஒன்னியும் சொல்லல" என்றார். அந்தப் படத்தில் காது எவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது! ஜமீலா போனை எடுக்கவில்லை. பைபாஸில் போகிற லாரி ஒவ்வொன்றும் என் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. கிஷோரின் பைக்கும் அப்படித்தான், தெருமுனையில் திரும்பும்போதே போட்டது போட்டபடி ஓடுவேன், தாமதித்தால் என்ன நடக்கும் என்று தெரியும், அவன் மணி அடிக்கும் முன்பே கதவைத் திறந்து நிற்பேன், திருமுல்லைவாயிலில் எதிர்வீட்டு வனஜா அக்கா, "புருஷன் மேல இன்னா பாசம் பாரேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்... இப்போது எதற்கு அவன் நினைப்பு, சனியன்.

லிஃப்ட்... நின்றுவிட்டது. இதே தளம். செருப்புச் சத்தம் ஒரு கதவருகே நின்று, நகர்ந்து, இதோ என் கதவு. மணி அடிக்கவில்லை, விரலால் மெல்லத் தட்டுகிறான். கதவு லென்ஸில் பார்க்கிறேன், வெள்ளைச் சட்டை, சிரித்த முகம், கையில் கயிறு. "பயப்படாதம்மா, எம்பொண்ணப் பாத்துட்டுப் போலாம்னு வந்துகீறேன்." குரலில் தேன் சொட்டுகிறது. வேம்புலியைக் கூப்பிடவேண்டும், இன்டர்காம் சமையலறையில், நாலு எட்டுதான், ஏன் கால் போகமாட்டேன் என்கிறது... பின்னால் நகம் கீறும் சத்தம். ராணி. கட்டிலை விட்டு, அறையை விட்டு, வழுக்கும் டைல்ஸில் காலைப் பரப்பிப் பரப்பி, இத்தனை நாள் நான் கெஞ்சியும் வராதவள் தானாக வந்து, என்னைத் தாண்டிக் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். வால் ஆடுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்படியானால் அவன்மேல்தான் பாசமா, நான்தான் திருடியா? "பாத்தியா, கொரல் கேட்டதும் வந்துட்டா. வளத்த பாசம்மா அது. தொற." வால் ஆடிக்கொண்டே இருக்கிறது, பின்னங்கால்கள் வெடவெடக்கின்றன, அவளுக்குக் கீழே டைல்ஸில் மூத்திரம் பரவி என் கால்விரலை நனைக்கிறது, சூடாக... வனஜா அக்காவும் கதவு திறந்ததை மட்டும்தானே பார்த்தார். "தொறன்னு சொல்றேன்ல", இந்தமுறை தேன் இல்லை. திறக்கக்கூடாது, திறக்கக்கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், குனிந்து பார்த்தால், என் கை எப்போதோ தாழ்ப்பாளுக்குப் போயிருக்கிறது.