பேச்சை வுடாதீங்க

வெள்ளிமலையில் ஜெயசுதாவுக்குப் பிடித்த இடம் ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், இரண்டு சரிவுகளுக்கு நடுவே கொஞ்சம் நெல் வயல் இருந்தது.

அவள் களமருதூர்க்காரி. அங்கே வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டுகிற வரை நெல்தான், மறைப்பே கிடையாது. மலையில் அரசுப் பள்ளிக்கு டீச்சராக ஆர்டர் வந்ததும் கணவன் இளஞ்செழியன் பஸ்ஸில் கூடவே வந்து, வாடகை அறையில் சாமான்களை இறக்கிவிட்டுத் திரும்பினான். கரும்பையும் மாட்டையும் விட்டுவிட்டு அவனால் தங்க முடியாது. தனியாக இருந்த முதல் வாரம் முழுக்க அவள் ஜன்னலைத் திறக்கவே இல்லை. திறந்தால் முகத்துக்கு நேரே மலை. எந்த நேரமும் மேலே சாய்ந்துவிடும் போலிருந்தது.

வயலைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பள்ளி விட்டதும் போய் வரப்பில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிச் சேற்றில் காலை வைத்துக்கொள்வாள். கண்ணை மூடினால் ஊர். "தனியாப் போவாதீங்க டீச்சர்" என்று பள்ளிச் சமையல்காரம்மா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெல்லுக்குள் பயப்பட என்ன இருக்கிறது?

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்ச் சரிவு காணாமல் போனது. எழுந்து செருப்பைத் தேடுவதற்குள் பாதையும் போய்விட்டது. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜெயசுதா பதறவில்லை. களமருதூரில் எந்த வரப்பைப் பிடித்தாலும் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்காலைப் பிடித்தால் ரோட்டுக்குப் போகும். வரப்பைக் காலால் தடவிக்கொண்டே நடந்தாள். கொஞ்ச தூரம் சரியாகத்தான் போனது. திடீரென்று வலது காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

பின்பக்கமாக விழுந்து நெல் தாளைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். பெயர்ந்த கல் உருண்டு போய் எங்கோ ஆழத்தில், வெகு நேரம் கழித்து, தண்ணீரில் விழுந்தது. மலை வயல் படிப்படியாக இறங்குவது என்பதை மேலிருந்து பார்த்திருந்தும் அவள் புத்தியில் ஏறவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால் மண்ணைப் பறண்டுகிற சத்தம் கேட்டது. கூடவே, பெரிய உடம்பொன்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சி மூச்சு விடுகிற சத்தம்.

அலறிவிட்டாள்.

"யாரது? நெல்லுக்குள்ள யாரு?" மேலிருந்து ஒரு பெண் குரல்.

"நான் இஸ்கூல் டீச்சரு! இங்க இன்னாவோ கீது! பக்கத்துல!"

"கரடி. புத்து நோண்ட வந்திருக்கும். நவுராதீங்க, கீழ ஓடை. நான் செவ்வந்தி, பரண் மேல பன்னிக்குக் காவல் இருக்கேன்."

"எறங்கி வாங்களேன்!"

"மாட்டேன் டீச்சர். எனக்கும் பயமாத்தான் இருக்கு. பேசிக்கினே இருங்க. ஆளு சத்தம் கேட்டா கிட்ட வராது. பேச்சை வுடாதீங்க."

என்ன பேசுவது? பல் கிட்டித்தது. வாயில் வந்தது ஊர்தான். எங்க ஊரு களமருதூரு, எங்க வூட்டுக்கு முன்னாடி வேப்பமரம், எங்க வூட்டுக்காரர் கோவக்காரர், எங்க மாடு பேரு லட்சுமி என்று கத்தினாள். மூச்சு வாங்க நிறுத்தினால் மூக்குறிஞ்சல் கேட்டது. திரும்பக் கத்தினாள். சொல்லச் சொல்ல ஊர் தீர்ந்துபோனது. இவ்வளவு சீக்கிரம் தீருமென்று அவள் நினைக்கவில்லை.

"நீங்க பேசுங்க! எனக்கு ஒண்ணும் வர்ல!"

"நான் ஒரு வாட்டி உங்க பக்கம் வந்திருக்கேன்" என்றாள் செவ்வந்தி பனிக்குள்ளிருந்து. "பிரசவத்துக்கு, கள்ளக்குறிச்சிக்கு. சுத்திலும் ஒரு குன்னு கூட இல்ல. காத்தடிச்சா எதுதான் தடுக்கும்? பயத்துல தூக்கமே வர்ல. எப்பிடித்தான் அங்க இருக்கறீங்களோ!"

ஜெயசுதாவுக்கு அந்தப் பயத்திலும் வியப்பாக இருந்தது. "எங்க ஊருல இன்னா பயம்?"

"இங்க மட்டும் இன்னா பயம்? வுடாதீங்க, பேசுங்க."

ஊர் தீர்ந்துவிட்டதால் அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைக் கூவ ஆரம்பித்தாள். தமிழ்வேந்தன், நல்லா படம் போடுவான். ஷாலினி, கணக்குன்னா அழுவா. அபிநயா, வாயே மூட மாட்டா.

"அபிநயா எம் பொண்ணு!" என்று கத்தினாள் செவ்வந்தி. "நெசமா பேசறாளா? வூட்டுல ஊமை மாரி இருக்கா டீச்சர்!"

"பேசறாளா! பக்கத்துப் புள்ளைய எழுத வுட மாட்டா!"

அதற்கப்புறம் அபிநயாவைப் பற்றியே இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். தொண்டை கட்டிப்போனது.

பனி கிழிந்து விலகியபோது ஜெயசுதா முதலில் பார்த்தது தன் காலடியில் திறந்து கிடந்த பள்ளத்தை. பிறகு மேல்சரிவில் கறுப்பாக ஒரு முதுகு புதருக்குள் அசைந்து அசைந்து போவதை. அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பெண்களும் அது மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

செவ்வந்தி இறங்கி வந்தாள். ஜெயசுதாவைவிட வயதில் சின்னவள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேலேறினார்கள்.

செவ்வந்தியின் வீட்டில் அபிநயா டீச்சரைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஜெயசுதா சூடான சாமைக் கஞ்சியைக் குடித்தாள். சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று இளஞ்செழியனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"மொதல்ல டிரான்ஸ்பருக்கு எழுதிப் போடு" என்றான் அவன்.

"போடறேன்" என்றாள். போடுவாள்தான். அந்த மலையில் ஆயுசுக்கும் இருக்க அவளால் முடியாது.

ஆனால் வெளிச்சம் குறையத் தொடங்கியதும், அடைத்த ஜன்னலோடு தன் அறை தனியே கிடப்பது நினைவுக்கு வந்தது. இந்த ஊருக்கு வந்து யாரிடமும் எதுவும் கேட்காதவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இன்னிக்கு இங்கியே படுத்துக்கட்டா?"

"இதைக் கேக்கணுமா?" என்று செவ்வந்தி பாய் எடுக்க உள்ளே போனாள்.