அவுத்துடு

மனைவியின் கால் கொலுசைக் கழற்றக் கந்தன் மறுபடியும் குனிந்தார். கொலுசு அங்கே இல்லை. விடிந்ததுமே கழற்றியாயிற்று. கொண்டை ஊசிகளையும் மணிக்கட்டில் இருந்த மருத்துவமனை நாடாவையும் கூட எடுத்தாயிற்று.

"இன்னாப்பா தேடிக்கினே இருக்கற? ஒரு இடத்துல ஒக்காரு," என்றாள் மகள் சுகாசினி.

"அம்மா அவுத்துடுன்னாளேம்மா. எதைச் சொன்னா?"

பக்கவாதம் வந்து வாய் கோணியபிறகு சங்கரி பேசியது கொஞ்சம்தான். நேற்று சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலில் படுத்தபடி, "அவுத்துடு... அவுத்துடு" என்றாள். கந்தன் ரவிக்கைக் கொக்கியைத் தளர்த்தினார். இல்லையென்று தலையசைத்தாள். போர்வையை விலக்கினார். அதுவும் இல்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

கூடத்தில் கிடத்தியிருந்த உடம்பின் தலைமாட்டில் அவள் தங்கை இளவரசி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் புரியலியா மாமா? கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து நீயும் உன் தறியும்னே கெடந்தா. ஒரு சினிமா உண்டா, ஒரு திருப்பதி உண்டா? உன்கிட்டேர்ந்துதான் அவுத்து வுடச் சொல்லியிருப்பா."

"சித்தி, சும்மா இரேன்!"

கந்தன் வாசலுக்குப் போனார். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கையைப் பிடித்தார்கள். உள்ளே வந்தார். சங்கரியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படித்தான் நினைத்திருப்பாளோ? இத்தனை வருஷமுமா? கொல்லைக் குழாயைத் திறந்து, கையை நனைக்காமலே மூடினார். கால்கள் அவரை வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இருந்த சந்துக்குக் கொண்டுபோயின.

மதிலோரம் சங்கரி நட்ட தக்காளிச் செடிகள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைக் கழுத்துவரை மண்ணில் இறக்கி நட்டிருந்தாள். அந்த வாரமே பக்கவாதத்தில் விழுந்துவிட்டாள். அதன்பிறகு தண்ணீர் ஊற்றியது அவர்தான். இலையில் படாமல், அவள் சொன்னபடி வேரில் மட்டும். குச்சி நட்டுக் கட்டியதும் அவர்தான், தறியில் மிஞ்சிய பட்டு இழையால். தறியில் அறுந்த பாவு நூலை இணைக்கப் போடுகிற முடிச்சு. பிரியவே பிரியாது என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு செடியின் தலை தொங்கியிருந்தது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது. தண்டைத் தடவிக்கொண்டே மேலே போன விரல் ஓரிடத்தில் நின்றது. தண்டு பருத்திருக்கிறது, இழை பருக்கவில்லை. கத்திபோல உள்ளே இறங்கி, பட்டு கண்ணுக்கே தெரியவில்லை. அவளாக இருந்தால் பழைய வேட்டியைக் கிழித்து, சுண்டுவிரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டியிருப்பாள்.

திரும்பிப் பார்த்தார். நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்குள் வெறும் கட்டில்.

கந்தன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

"வாய்க்கரிசி போட உன்னைத் தேடறாங்க, நீ இங்க செடிக்கு வைத்தியம் பாத்துக்கினு இருக்கியா?" இளவரசி சந்து முனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள். "எடுக்கற நேரத்துல இன்னா மாமா பைத்தியம் உனக்கு?"

அவர் தண்டைக் காட்டினார். பிறகு ஜன்னலைக் காட்டினார்.

இளவரசி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு எதிரே குந்தினாள்.

"கத்தியால அறுத்தா சீக்கிரம் ஆவும்."

"தண்டுல பட்டுடும்."

"அப்பா!" உள்ளேயிருந்து சுகாசினி கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுடி!" என்று இளவரசி குரல் கொடுத்தாள். தண்டு முறியாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கந்தன் நகத்தால் இழையின் நுனியைத் தேடினார்.

வாசலில் மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.