ஆகாயத்தாமரை நிக்கல் தின்றதா?

எங்கள் பட்டறையில் குழாய்க்கும் கைப்பிடிக்கும் நிக்கல் முலாம் பூசுகிறோம். பூசியதைக் கழுவும் தண்ணீர் வெளிர்பச்சையாக, பார்க்க அழகாகத்தான் இருக்கும். குடித்தால் தெரியும் சேதி. சுத்தம் செய்யாமல் அதைச் சாக்கடையில் விட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். இயந்திரம் வாங்க நமக்கு ஏது வசதி? ஆகாயத்தாமரையின் வேர் உலோகத்தை உறிஞ்சும் என்று எங்கோ படித்திருந்தேன். குளத்திலிருந்து இரண்டு மூட்டை அள்ளி வந்து, பின்பக்கத் தொட்டியில் அந்தத் தண்ணீரை நிரப்பி மிதக்கவிட்டேன்.

"களையைக் கொண்டாந்து வளர்க்கிறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்," என்றார் கணவர். வாயைத் திறந்தால் அவர் இப்படித்தான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சில வாரங்களில் தண்ணீரின் பச்சை வெளுத்தது. ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். நிக்கல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அனுமதித்த அளவுக்கு இன்னும் வரவில்லை, ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றிருந்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. செடியோ குடம் குடமாகக் குடிக்கும். தொட்டியில் தண்ணீர் மட்டும் குறையவே இல்லையே, அது எப்படி?

மறுநாள் காலையில் சீக்கிரமே போய் எட்டிப் பார்த்தேன். மாமனார் ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் விளிம்பு தாண்டி வழிந்து சாக்கடைக்கு ஓடியது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"செடி வாடுதேம்மா, பாவமா இருந்துச்சு. தினமும் நான்தான் ஊத்தறேன்." நான் பாராட்டுவேன் என்று முகத்தைப் பார்த்தார்.

அவரை என்ன சொல்லித் திட்டுவது? குழாயை மூடினேன். அழுகை வந்தது. நிக்கலைச் செடி தின்னவில்லை, மாமனாரின் தண்ணீர்தான் அதை வெளியே தள்ளியிருக்கிறது. இல்லை, செடியும் கொஞ்சம் தின்றிருக்குமோ? எவ்வளவு? அழுதுகொண்டே அதைத்தான் யோசித்தேன்.

கணவரின் யோசனை வேறு. "நாளைக்கு அதிகாரி வர்றாரு. இன்னைக்கு முழுக்க அப்பா பாட்டுக்கு ஊத்தட்டும். பாஸாயிடும்."

"நிக்கல் எங்க போகும்?"

"சாக்கடைக்குத்தான்."

"அதுக்கு எதுக்குச் செடி? நேரா அங்கயே கொட்டிடலாமே!"

நான் தொட்டிச் செடிகள் சிலவற்றின் வேரை நறுக்கி நன்றாகக் கழுவினேன். குளத்துக்குப் போய், அங்கே மிதந்த செடிகளின் வேரையும் கொண்டுவந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். இரண்டையும் ஆய்வகத்தில் கொடுத்தேன். அதிகாரி வந்ததும் குழாய்க் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கணவர் முகம் இருண்டது. அதிகாரி தலையாட்டிக் கேட்டுவிட்டு, பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

இரண்டு முடிவும் ஒரே நாளில் வந்தன. தண்ணீரில் நிக்கல் அளவுக்கு மேல். சரிசெய்யும் வரை முலாம் பூசக் கூடாது என்று கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டார்கள். வேர்களின் முடிவைப் பிறகுதான் பிரித்தேன். குளத்து வேரில் நிக்கல் இருந்தும் இல்லாத மாதிரி. தொட்டி வேரில் மண்டிக் கிடந்தது.

"தின்னுருக்குங்க! நெஜமாவே தின்னுருக்கு!"

"பட்டறைக்குப் பூட்டு விழுந்திருக்கு. நீ சிரிக்கிற."

சிரிக்காமல் என்ன செய்வேன்? ஒரே தொட்டி, இரண்டே மூட்டை செடி, அதனால்தான் போதவில்லை. தொட்டிகளைக் கூட்டி, தின்று முடித்த செடியைப் பிடுங்கித் தனியே பத்திரப்படுத்தி, புதுச் செடி போட வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி வெகுநேரம் படித்தார்.

"எத்தனை தொட்டி வேணும்?" என்றார்.

பூட்டைப் பார்த்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது. செடி தின்னும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு வேகமாகத் தின்னும் என்று தெரியாது.

"தெரியலைங்க," என்றேன். "நாலுல ஆரம்பிச்சுப் பாப்போம்."