செவ்வாய்க்குப் போன ஐந்தாம் ஆண்டு

தனுஜாவை எனக்குப் பிடிக்காது. ஏன் என்று கேட்டால் பத்துக் காரணம் சொல்வேன், பத்தும் பொய். உண்மை ஒன்றுதான். என் மகள் ப்ரியாவுக்கு அவளைப் பிடிக்கிறது.

இந்தத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பதினான்கு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். ஒரு வாக்கியத்தில் பிழை இருந்தால் அதைத் திருத்தாமல் அடுத்ததற்குப் போக மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிடும்போது ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டேன். ப்ரியா பேசுவதையே நிறுத்திவிட்டாள். ரசம் வேண்டுமென்றால் விரலால் காட்டுவாள். என்றைக்காவது என் பிள்ளை என்னிடம் ஆங்கிலத்தில் வாய் திறப்பாள் என்று நானும் விடாப்பிடியாகக் காத்திருந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், அது போதும்.

இந்த வருடம் தனுஜா வந்து சேர்ந்தாள். ப்ரியா படிக்கும் ஐந்தாம் ஆண்டு வகுப்பை என்னிடமிருந்து எடுத்து அவளிடம் கொடுத்தார் தலைமையாசிரியர் ராதாகிருஷ்ணன். அவள் இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ராக்கெட், நிலா, செவ்வாய் என்று ஆரம்பித்தாள். வகுப்பறையே விண்கலமாம். பிள்ளைகள் கழிவறைக்குப் போவதைக்கூட ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டுத்தான் போனார்கள். எல்லாம் தப்பும் தவறுமாக. அவள் திருத்தினால்தானே!

"மொதல்ல பேசட்டும்லா டீச்சர். அப்புறம் திருத்திக்கலாம்," என்பாள். எனக்கு வயிறு எரியும்.

போன வாரம் என் மேசைக்கு வந்தாள். "டீச்சர், உங்க வீட்டுக்காரர்கிட்ட வாக்கி டாக்கி ரெண்டு வாங்கியிருக்கேன். பிள்ளைங்கள தேயிலை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன், அதுதான் செவ்வாய். நீங்க வகுப்புல உக்காந்து பூமியா பேசுங்க. மொகம் தெரியாதுல்ல, கைய காட்டித் தப்பிக்க முடியாது. பேசித்தான் ஆவணும்."

என் கணவர் லிங்கேஸ்வரன் தோட்டத்துக் கங்காணி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊரே அவளுக்குத்தான் தாளம் போடுகிறது.

கருவியைக் கையில் வாங்கியதும் கவனித்தேன். தோட்டத்து வேலைக்கான அலைவரிசையிலேயே இருந்தது. மாற்றிக் கொடுக்க மறந்துவிட்டார் மனிதர். அதில் பேசினால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, லோரி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் ஆபீஸ், எல்லா இடத்திலும் கேட்கும். கொழுந்தையும் லோரியையும் தவிர அதில் வேறு பேச்சே கூடாது. போன மாதம் ஒருவன் அதில் பாட்டுப் பாடி, துரையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

தனுஜாவுக்கு இது தெரியாது. இரண்டு கருவியையும் ஒரு திருகு திருகினால் போதும். நான் திருகவில்லை, சொல்லவும் இல்லை. வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை காலை. மலையில் பனிமூட்டம். காலி வகுப்பில் அவள் எழுதிக் கொடுத்த கேள்விகளோடு உட்கார்ந்தேன். கருவியில் முதலில் குகனேஸ்வரனின் குரல் வந்தது. அவன் அப்பா தோட்டத்தில் மருந்தடிப்பவர்.

"கண்ட்ரோல்! மார்ஸ், ஃபீல்ட் நம்பர் ஃபைவ்! கிராஸ் டூ மச்! மஸ்ட் ஸ்ப்ரே! ஓவர்!"

செவ்வாய்க்குப் போயும் களை பார்க்கிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அதற்குள் துரையின் குரல் குறுக்கே விழுந்தது. யார் இது என்று ஆங்கிலத்தில் அதட்டினார். எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. தனுஜா தட்டுத்தடுமாறி மன்னிப்புக் கேட்டு விளக்கம் சொன்னாள்.

"கேரி ஆன், டீச்சர்," என்றார் துரை. "நாங்களும் கேக்குறோம்."

அவ்வளவுதான். கொட்டகையிலிருந்து யாரோ செவ்வாய்க்கு வணக்கம் சொன்னார்கள். லோரிக்காரர் செவ்வாயில் ரோடு எப்படி என்று விசாரித்தார். வேலையை நிறுத்திவிட்டு மலையே கேட்டுக்கொண்டிருந்தது. என் வயிற்றெரிச்சல் இரட்டிப்பானது.

அடுத்த பயணத்துக்கு யாரைக் கூட்டிப்போவாய், ஏன்? இதுதான் கடைசிக் கேள்வி. அம்மா என்றார்கள், தம்பி என்றார்கள், ஒருத்தி பூனை என்றாள். ப்ரியாவின் முறை வந்தது. பூமியாகப் பேசுவது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஐ டேக் தனுஜா டீச்சர்," என்றாள், சட்டென்று. பிறகு மூச்சு வாங்கினாள். "மை மதர் நோ. மை மதர் ஹியர் ஒன்லி மிஸ்டேக். ஷி நோ ஹியர் மீ. ஓவர்."

துரை கேட்டிருப்பார். லிங்கேஸ்வரன் கேட்டிருப்பார். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். கேட்க வைத்தவள் நான்தான்.

"டீச்சர், பிள்ளைக்கு பதில் சொல்லுங்க," என்று தனுஜாவின் குரல் மெல்ல வந்தது. என் பிள்ளைக்குப் பதில் சொல்ல இவள் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் ப்ரியாவின் பக்கத்தில் நிற்கிறாளே என்று இருந்தது.

பொத்தானை அழுத்தினேன். அவ்வளவு ஆங்கிலம் தெரிந்தவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை.

"கேட்டுச்சும்மா," என்றேன்.

"ஓகே, கண்ட்ரோல்," என்று சொல்லிவிட்டு, என் மகள் கருவியை அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள்.